முடியுங்க மிஸ்ஸி

கொழும்பிலிருந்து அந்தப் பத்துக் கேள்விகள் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உண்மையான தலைவலி தொடங்கியது. அதற்கு முன்பு நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லவில்லை. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை என்று எனக்கு ஒதுக்கியது ஒரு பழைய ஸ்டோர் ரூம். மழைக்காலத்தில் அதன் சுவர்கள் வியர்க்கும். எங்கள் பக்கம் மழைக்காலம் அல்லாத மாதம் எது என்று யாராவது சொன்னால் தேவலை. சூடு காட்டும் விளக்கு ஒன்று அங்கே இருந்ததால் நோயாளிகளுக்கு அது 'கரண்டு ரூம்'. நான் மூச்சு வாங்க ஒருவரின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்து முடித்தால், "இன்னைக்கு கரண்டு வைக்கலீங்களா மிஸ்ஸி?" என்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த எரிச்சல் எனக்குப் பழகிப்போயிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களையெல்லாம் கொழும்பில் ஒரு வகுப்புக்கு அழைத்தார்கள். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்து வந்திருந்த மேலதிகாரி அம்மா ஒருவர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். "நோயாளிக்குக் குணம் தெரிகிறது என்கிறீர்கள். எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால் போதுமா?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறதாம். பத்துக் கேள்விகள், மொத்தம் நூறு புள்ளி. சிகிச்சை தொடங்கும்போது ஒரு முறை கேட்கவேண்டும், முடியும்போது ஒரு முறை கேட்கவேண்டும். நடுவில் ஏறிய புள்ளிதான் நாம் செய்த வேலை. உலகம் முழுவதும் இதே கேள்விகள் என்பதால் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. நேரில் பார்க்க முடியாததை நோயாளியிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பதியவேண்டும்.

கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலை வெறும் உருவிவிடுகிற வேலை என்று நினைத்த டொக்டர்மார் நிறையப் பேர் இருந்தார்கள். இனிமேல் எண்ணைக் காட்டி வாயை அடைக்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். ரயிலில் திரும்பி வரும்போது கேள்வித்தாளை எடுத்து ஆறஅமரப் படித்தேன். ரயில் மலை ஏறத் தொடங்குவதற்குள் பாதிச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிய கேள்வி: கத்தியால் இறைச்சியை வெட்டவும் பாணில் வெண்ணெய் பூசவும் முடியுமா? தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற எங்கள் நோயாளிகளில் வெண்ணெயைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேரோ. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற முடியுமா? தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை, அந்தக் காம்பராவில் படுக்கை என்பது பாய். நாற்காலி ஒன்று இருந்தால் அதன்மேல் டிரங்குப் பெட்டி இருக்கும். குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடியுமா? குளிப்பது பீலியில். மலைச்சரிவில் ஒரு தகரக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அங்கே போக வழுக்குப் பாறையில் இறங்கவேண்டும், வரும்போது குடத்தோடு ஏறவேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் ஆத்திரம் வந்தது 'சமதளத்தில் நடக்க முடியுமா?' என்ற கேள்வியைப் பார்த்துத்தான். எங்கள் மாவட்டத்தில் சமதளம் வேண்டுமானால் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஹட்டன் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும். தோட்டத்தில் வீட்டு வாசலே சரிவு.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். "அளவுகோலை மாற்றினால் அது அளவுகோல் அல்ல" என்று ஒரு வரியில் பதில் வந்தது. சரி, கேட்டுத் தொலைப்போம் என்று கேட்க ஆரம்பித்தேன்.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் கேள்விகள் எவ்வளவோ தேவலை, பதில்கள்தான் பெரிய தொல்லை என்று தெரிந்தது. வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவர் என்முன் உட்கார்ந்திருக்கிறார். வலது கை மடியில் செத்துக் கிடக்கிறது. "ஐயா, நீங்களே சாப்பிட முடியுமா?" "முடியுங்க மிஸ்ஸி." "நீங்களே சட்டை போட முடியுமா?" "முடியுங்க." அந்தச் சட்டையைச் சற்று முன்புதான் மனைவி மாட்டிவிட்டார், நானே பார்த்தேன். அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் அவரும், "எல்லாம் அவரே செஞ்சிக்குவாருங்க" என்கிறார். எனக்கு முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நடக்க முடியுமா? முடியும். படி ஏற முடியுமா? முடியும். எல்லாம் முடிகிறவர் எதற்கு ஐயா மூன்று பேர் தூக்கிப் பிடிக்க பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பணிவாகச் சிரித்தார்.

இப்படியே எல்லாரும். காய்ச்சல்காரர் போல நடுங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முடியும் முடியும் என்றார்கள். என் கையில் தாளும் பேனாவும் இல்லாதபோது நன்றாகத்தான் பேசுவார்கள். இடுப்பு வலியை விலாவாரியாகச் சொல்வார்கள். தாளை எடுத்து, "முடியுமா?" என்று ஆரம்பித்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். மாத அறிக்கையில் என் நோயாளிகள் அத்தனை பேரும் வரும்போதே ஏறக்குறைய முழுப் புள்ளியோடு வந்தார்கள். போகும்போதும் அதே புள்ளி. இரண்டுக்கும் நடுவில் நான் செய்த வேலை பூஜ்யம். மேலதிகாரி அம்மா தொலைபேசியில், "உங்கள் ஊரில் நோயாளிகளே இல்லை போலிருக்கிறதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அக்கா என்னிடம் வந்தார். தேயிலைக் கொழுந்து எடுப்பவர், முப்பத்தைந்தைத் தாண்டியவர், கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். மழையில் கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி, தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாதக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வார்டில் படுத்திருந்தார். அப்போதே ஒரு நாள் வார்டுக்குப் போனபோது, விளையாட்டாக, "என்ன அக்கா, படி ஏற முடியுமா?" என்று கேட்டேன். கால் கப்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவர், "முடியுங்க மிஸ்ஸி" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

கட்டு அவிழ்த்து, கக்கத்தில் கட்டையோடு என் அறைக்கு வந்த நாளில் முறைப்படி புள்ளி போட்டேன். முழங்கால் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது, கொஞ்சம்தான் மடங்கியது. ஆனால் பயிற்சிக்காக வைத்திருந்த மரப்படியில் ஏறு என்றால் ஏறினார், இறங்கு என்றால் இறங்கினார். உதடு வெளுத்துவிட்டது. இறங்கி வந்து, "போதுங்களா மிஸ்ஸி?" என்று கேட்டார். குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போவது எல்லாம் முடியுங்க, முடியுங்க, முடியுங்க. தொண்ணூற்றைந்து வந்தது. ஐந்து புள்ளி நானாகப் பிடிவாதமாகக் குறைத்தது.

"வலிக்குதா அக்கா?"

"இல்லீங்க மிஸ்ஸி."

"கண்ணுல தண்ணி நிக்குது, இல்லைங்கிறீங்க."

"அது சும்மாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, "ஏன் அக்கா பொய் சொல்றீங்க? நான் என்ன உங்களை அடிக்கவா போறேன்?" என்று கத்தினேன். அவர் வாசல் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு, "முடியாதுன்னு சொன்னா பேரு வெட்டிருவாங்க மிஸ்ஸி. பேரு போனா காம்பராவும் போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நா எங்க போறது?" என்றார்.

அந்தத் தோட்டத்துக்குப் மேனேஜராகப் புதிதாக வந்திருந்த துரை செய்த ஏற்பாடு அது என்று விசாரித்தபோது தெரிந்தது. 'இலேசான வேலை கொடுக்கவும்' என்று ஆஸ்பத்திரி எழுதி அனுப்புகிற துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அவர் சலித்திருந்தாராம். எங்கள் வெளியேற்ற அட்டையில் புள்ளி எழுதும் வழக்கம் வந்ததும் அவருக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. எண்பதும் அதற்கு மேலும் என்றால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். கீழே என்றால் வேலைக்கு ஆகாதவர், செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டிலிருந்து பேரை எடுத்துவிடு. செக்ரோலில் பேர் உள்ளவர் வீட்டில் இருந்தால்தான் லயத்துக் காம்பராவில் குடியிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் பேர் உள்ளவர் இந்த அக்கா ஒருவர்தான்.

என் வேலை எவ்வளவு பலன் தந்தது என்று அளக்க வந்த அளவுகோலை எடுத்து மனுஷரைச் சலிக்கும் சல்லடையாக்கிவிட்டார்கள். நான் உண்மையான புள்ளி போட்டால் அவருக்கு வீடு போகும். அவர் சொல்கிற புள்ளியைப் போட்டால், மடங்காத முழங்காலோடு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவரை விழவைத்த அதே சரிவில் திரும்ப ஏறவேண்டும். இரண்டாம் தரம் விழுந்தால் அந்த எலும்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டு வழியையும் தவிர மூன்றாவதாக ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

இன்னும் சில வாரம் சிகிச்சை தேவை என்று டொக்டரிடம் சொல்லி அட்டையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அக்கா லயத்துக்குத் திரும்பி அங்கிருந்து கிளினிக்குக்கு வரட்டும் என்று ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் தோட்டத்துக்குப் போனேன். நான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தோட்டங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்தவள் இல்லை. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குள் எனக்கே நாக்கு தள்ளிவிட்டது. அன்றைக்கு யாராவது எனக்குப் புள்ளி போட்டிருந்தால் நான் தேறியிருக்கமாட்டேன்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பழக்கதோஷம், தாளை எடுத்துக்கொண்டு, "அக்கா, குளிக்க முடியுதா?" என்றேன். "முடியுங்க மிஸ்ஸி." இதற்காகவா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன் என்று அலுத்துப்போய்த் தாளைப் பைக்குள் திணித்துவிட்டு வாசற்கல்லில் உட்கார்ந்தேன். கீழே வெகுதூரத்தில் பீலி தெரிந்தது. பேச்சுக்கு என்றுதான் கேட்டேன்: "பீலி அவ்வளவு கீழ கெடக்கே, தண்ணி யாரு தூக்கிக்கிட்டு வர்றது?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பக்கத்துக் காம்பரா தங்கச்சிதாங்க மிஸ்ஸி. அது இல்லாட்டி நாங்க என்ன ஆயிருப்போமோ! நா வீட்டுக்கு வந்த நாள்லருந்து காலையில ஒரு கொடம், அந்தியில ஒரு கொடம், சொல்லாமலே கொண்டாந்து வச்சிரும். மூத்தவ என் முதுகு தேச்சி ஊத்தி விடுவா. கக்கூசுக்கு அந்தக் கடைசிக் காம்பரா அக்கா கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போவாங்க, எந்த நேரம் கூப்புட்டாலும் மொகஞ் சுளிக்கமாட்டாங்க."

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராவிலிருந்து அந்தத் தங்கச்சியே வெளியே வந்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்து, "இதுதாங்க மிஸ்ஸி" என்று எனக்குக் காட்டினார். விறகு யார் கொண்டுவருவது, துணி யார் துவைப்பது என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு புகழ்ச்சி. ஒருத்தர் செய்த உதவியை வந்தவரிடம் சொல்லாமல் விழுங்கிவிடுவது அந்த லயத்தில் பெரிய கேவலம். செய்தவர் நிற்கும்போதே நாலு பேர் காதில் விழச் சொல்லவேண்டும், அதுதான் நன்றி. 'உனக்கு முடியுமா?' என்று கேட்டதற்கு மாதக்கணக்கில் வராத உண்மை, 'யார் செய்கிறார்?' என்று கேட்டதும் குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உலகம் முழுவதுக்கும் பொதுவான அந்தத் தாளில் இந்த ஒரு கேள்வி இல்லையே!

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகு புள்ளியைக் கூட்டிப் பார்த்தேன். பாதியைக்கூட எட்டவில்லை. வாதக்காரப் பெரியவரிடமும், அவர் மனைவியிடமும், "ஐயாவுக்குச் சாப்பாடு யாரு ஊட்டுறது?" என்று கேட்டுப் பார்த்தேன். "நாந்தாங்க" என்று அந்த அம்மா உடனே சொன்னார். பெரியவர், "அவ தாயி மாதிரிங்க" என்று சொல்லி அழுதார். அன்றிலிருந்து எல்லாரிடமும் அப்படியே கேட்கத் தொடங்கினேன். கொழும்பின் கட்டளையை மீறுகிறேன் என்று தெரியும். தெரிந்தேதான் மீறினேன்.

ஆனால் அக்காவின் அட்டை? உண்மை தெரிந்துவிட்டது, அதை எழுதினால் துரை பேரை வெட்டுவார். அடுத்த கிளினிக்கில் அவரிடமே சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதிறாதீங்க மிஸ்ஸி, உங்களக் கும்புடுறேன். எப்புடியாச்சும் மலைக்குப் போயிருவேன்" என்றார். போவார்தான். அதுதானே என் பயம். அந்தத் தோட்டத்தில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்புகிற வேலை இருந்தது. மேசை உயரத்தில் மண்ணைக் கொட்டிவைத்து, பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு செய்வது. வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் செய்வார்கள். அதற்கும் முழுப் பேர் உண்டு, அதாவது ஒரு நாள் சம்பளம் முழுதாகப் பதிவாகும். அந்த வேலை அக்காவுக்கு இன்றைக்கே முடியும், நாளைக்கும் முடியும். அதைச் சொல்ல ஒரு வரி போதும். புள்ளியைச் சரியாகப் போட்டு, அட்டையின் ஓரத்தில், 'மலை ஏற முடியாது. உட்கார்ந்து நாற்றுப் பைக்கு மண் நிரப்ப முடியும்' என்று எழுதினேன். டொக்டர் கையெழுத்துப் போட்டார். அக்கா சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

தோட்டத்து ஆபீஸுக்கு நானே அட்டையைக் கொண்டுபோனேன். பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடி வழியாகப் புள்ளியை மட்டும் பார்த்தார். ஓரத்தில் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். "இதுக்குக் கட்டம் இல்லையே மிஸ்" என்றார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. கட்டம் இல்லாவிட்டால் மனுஷி இல்லையா என்று கேட்டேன். துரையிடம்தான் கேட்கவேண்டும், காலையில் பெரட்டுக்கு வாருங்கள் என்றார்.

பெரட்டு என்பது விடியற்காலையில் தொழிலாளர் எல்லாரும் ஒரு களத்தில் கூடி நிற்க, செக்ரோலில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புகிற இடம். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டில் முந்தின நாளே வந்து தங்கி, காலையில் களத்துக்குப் போனேன். பனி முகத்தில் அறைந்தது. பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு வரிசையாக நின்றார்கள். அக்காவும் கட்டையை ஊன்றிக்கொண்டு, கூடையோடு நின்றார். கூடையை ஏன் கொண்டுவந்தார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார். இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "என்னா, மலைக்குப் போவ முடியுமா?" என்றார். "முடியுங்க." இன்னொருத்தி, கால் வீங்கியவள். "முடியுமா?" "முடியுங்க." ஓர் இளம்பெண் மட்டும் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள். "போ, போய் வீட்ல படு" என்று அவள் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விட்டார். அவள் அன்றைய சம்பளம் அத்தோடு போனது. நான் அங்கேயே நின்று தலையில் அடித்துக்கொண்டேன். என் கரண்டு ரூமில் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நான் இத்தனை நாள் நடத்தியது பெரட்டு. அதே கேள்வி, அதே சொல். பிறகு அவர்கள் எனக்கு வேறு என்ன பதில் சொல்வார்கள்? இது கொழும்பில் வகுப்பெடுத்தவருக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியவில்லையே.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் அட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "உங்களுடைய அட்டையில் குறைந்த புள்ளி. நீங்கள் போட்டதுதானே? அதன்படிதான் செய்கிறேன்" என்றார். பிறகு நல்லவர் மாதிரி, "சரி, அவளையே கேட்கிறேன்" என்று அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏய், மலைக்குப் போக முடியுமா, முடியாதா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேன். அதைச் சொன்னால் பேர் நிற்கும், வீடு நிற்கும், கால் போகும். பக்கத்துக் காம்பராத் தங்கச்சி தன் கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"முடியாதுங்க தொரை" என்றார் அக்கா.

துரை என்ன கேட்டோம் என்பதையே மறந்தவர் போல நின்றார். அந்தக் களத்தில் அவர் காதில் அந்தச் சொல் விழுந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அந்த இடைவெளியில் அக்கா மடமடவென்று சொன்னார்: "மலை ஏற முடியாதுங்க. காலு மடங்கல. மண்ணு நெரப்ப முடியும். ஒக்காந்து எவ்வளவு நேரமும் நெரப்புவேன். பேர வெட்டிறாதீங்க தொரை, புள்ளைங்க படிக்குதுங்க."

வரிசையில் யாரும் அசையவில்லை. மலைக்குப் போகும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கணக்கப்பிள்ளையிடம், "மண்ணுக்குப் போடு, போடு. நேரம் போகுது" என்று எரிந்து விழுந்தார். இரக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அவருக்குத் தொல்லை விட்டால் போதும் என்று இருந்தது. எனக்கும் அது போதும். கணக்கப்பிள்ளை அக்காவின் பேரை எழுதுவதை எட்டி நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு இறங்கினேன்.

இதற்குப் பிறகு கொழும்பிலிருந்து எனக்கு வந்த பரிசைக் கேளுங்கள். அக்காவின் முதல் புள்ளி தொண்ணூற்றைந்து, கடைசிப் புள்ளி பாதிக்கும் கீழே. வாதக்காரப் பெரியவருக்கும் அப்படியே சரிவு. கேட்கும் முறையை நான் மாற்றிய மாதத்தில் என் நோயாளிகள் அத்தனை பேரும் படுகுழியில் விழுந்திருந்தார்கள். மேலதிகாரி அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "உங்கள் சிகிச்சையால் நோயாளிகளின் நிலை மோசமாகியிருக்கிறது. காரணம் கூறுக" என்று கேட்டார். பெரட்டு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். கேள்வியை மாற்றியது ஒழுங்கீனம் என்று கண்டித்தார்கள். இன்றைக்கும் அந்தக் காலத்து அறிக்கை எங்காவது ஓர் அலமாரியில் கிடந்தால், அதில் அந்த அக்கா நான் கெடுத்த நோயாளியாகத்தான் இருப்பார். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வாரம் கழித்து ஒரு கிளினிக் நாளில் அக்கா வந்தார். நகக்கண்ணில் மண். பக்கத்துக் காம்பராத் தங்கச்சியும் கூட வந்திருந்தார். நான் தாளை எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. அக்கா கட்டையைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார், சேலையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினார், மூட்டின் உள்பக்கத்தில் ஒரு விரலை வைத்தார்.

"இந்த எடத்துல வலிக்குதுங்க மிஸ்ஸி" என்றார். "ரொம்ப நாளா வலிக்குது."

என் கையை அந்த இடத்தில் வைத்தேன். அன்றைக்குத்தான் அவருக்கு நான் முதன்முதலாகச் சிகிச்சை செய்தேன்.